நால்வகை நகையும் நான்கு விஞ்ஞானிகளும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடம்பின் வழியே வெளிப்பட்டு மற்றவர்களுக்குப் புலனாவதை மெய்ப்பாடு என்கிறார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. இவற்றுள் முதலில் வைக்கப்பட்டிருப்பது நகை. அந்த நகை பிறப்பதற்குரிய நிலைக்களன்களும் நான்கு என்று வகுத்துச் சொல்லப்பட்டுள்ளன. அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன.

எள்ளல் என்பது இகழ்ச்சி. பிறரை இகழ்ந்து நாம் சிரிப்பதும் எள்ளல்தான்; பிறர் நம்மை இகழும்போது வேறு வழியின்றி நாமும் சேர்ந்து சிரித்துவிடுவதும் எள்ளல்தான். இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றும். உரைகாரர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள். கேட்டதை ஆராய்ந்து பாராமல் அப்படியே மெய்யென்று எடுத்துக்கொள்வது பேதைமை. ஒருமுறை பிடித்துக்கொண்டதை எக்காரணம் கொண்டும் விடாதிருப்பது மடன்.

இந்தச் சூத்திரத்தைச் சங்கப் பாடல்களோடு பொருத்திப் படிப்பதுதான் வழக்கம். இக்கட்டுரையில், நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரோடு பொருத்திப் பார்ப்போம். ஆராய்ச்சிக் கூடங்களும் கணினி நிறுவனங்களும் நிறைந்த பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் ஒரு வகையில் சொந்தப் பாடமும் ஆகும். ஏன் என்பதைப் போகப்போகக் காண்போம்.

தொடரின் அமைப்பு

‘தி பிக் பேங் தியரி’ என்பது தொடரின் பெயர். பிரபஞ்சத்தின் தோற்றத்தை விளக்கும் பெருவெடிப்புக் கோட்பாட்டின் பெயரையே வேடிக்கையாகச் சூட்டியிருக்கிறார்கள். சக் லோரி, பில் பிரேடி என்ற இருவர் உருவாக்கிய இத்தொடர், சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2007 செப்டம்பர் 24 அன்று தொடங்கி 2019 மே 16 அன்று நிறைவடைந்தது. 12 பருவங்களில் மொத்தம் 279 பகுதிகள். முதல் பருவம் 2008 செப்டம்பரில் டி.வி.டி.யாக வெளிவந்தது. அதன்பின் ஒவ்வொரு பருவமும் தனித்தனியாகவும், முடிந்தபின் முழுத் தொகுதியாகவும் கிடைத்தன.

கலிபோர்னியாவிலுள்ள பாசடினா நகரம் கதைக்களம். அங்குள்ள புகழ்பெற்ற கால்டெக் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள் கதைமாந்தர். ஷெல்டன் கூப்பர் கோட்பாட்டு இயற்பியலார்; பதினோரு வயதில் கல்லூரிக்குப் போன மேதை. அவரோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் லெனார்ட் ஹாஃப்ஸ்டாட்டர் சோதனை இயற்பியலார். ஹோவர்ட் வோலோவிட்ஸ் விண்வெளிப் பொறியாளர். ராஜேஷ் கூத்ரப்பாலி வானியற்பியலார். பெயரைக் கேட்டால் நம் பக்கத்து ஊர்க்காரர் போலத் தோன்றும். கதையிலோ அவர் புதுதில்லியிலிருந்து வந்தவர். எதிர்வீட்டுக்குக் குடிவரும் பென்னி ஓர் உணவகத்தில் பரிமாறுபவள். பெரிய படிப்பு இல்லை. ஆனால் மனிதரோடு பழகத் தெரிந்தவள். நால்வருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது நால்வருக்கும் தெரியும். கதை முழுவதும் இந்த ஒரு முரணிலிருந்து கிளைப்பதுதான்.

விஞ்ஞானச் செய்திகளில் பிழை நேராதிருக்க, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக இயற்பியலார் டேவிட் சால்ட்ஸ்பெர்க் ஆலோசகராக இருந்தார். பின்னணியில் தெரியும் வெள்ளைப் பலகைகளில் உள்ள சமன்பாடுகள் உண்மையானவை. கதைமாந்தர் பெயரிலும் இந்த அக்கறை உண்டு. ஹாஃப்ஸ்டாட்டர் 1961இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவரின் பெயர். கூப்பர் 1972இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டவரின் பெயர்.

இனி நால்வகை நகையையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். எளியதிலிருந்து தொடங்குவது பாடத்துக்கு நல்லது என்பதால், எள்ளலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இளமை

நால்வரும் முப்பதை நெருங்குபவர்கள். ஆனாலும் புதன்கிழமை தோறும் சித்திரக்கதைப் புத்தகக் கடைக்குப் போகிறார்கள். பொம்மை ரயிலுக்கும் விண்வெளிக் கதைகளுக்கும் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். உடம்புக்கு வந்துவிட்டால் ஷெல்டனுக்குத் தாலாட்டு வேண்டும். குழந்தைப் பருவத்தில் தாய் பாடிய பூனைக்குட்டிப் பாட்டைப் பென்னி உட்கார்ந்து பாடியாக வேண்டும். பார்ப்பவருக்கு இங்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அதில் கசப்பு கிடையாது. நம் வீட்டுக் குழந்தை அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கும்போது வரும் சிரிப்பைப் போன்றது இது.

பேதைமை

சொல்லுக்கு நேர்ப்பொருள் மட்டுமே உண்டு என்று நம்புபவர் ஷெல்டன். தொடரின் இரண்டாம் பகுதியிலேயே இதற்கு ஒரு காட்சி வருகிறது. நள்ளிரவில் தன் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டார்கள் என்று பென்னி கொதித்துப் போயிருக்கிறாள். உதைக்க வேண்டும் போன்ற ஆத்திரத்தில், உதைபட்டவனுக்கு வைத்தியம் பார்ப்பவர் எந்த டாக்டர் என்ற தோரணையில் ஒரு கேள்வியை வீசுகிறாள். ஷெல்டன் சிறிதும் தயங்காமல், காயத்தின் ஆழத்தைப் பொறுத்து இன்ன துறை மருத்துவர் என்று விளக்கம் தருகிறார். பின்னால் நிற்கும் லெனார்ட், ‘இது குத்தல் பேச்சு’ என்னும் பொருள்பட எழுதிய அட்டை ஒன்றை உயர்த்திக் காட்டுகிறார்.

கேட்டதை அப்படியே மெய்யெனக் கொள்வது பேதைமை என்று உரைகாரர்கள் சொன்னதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அறிவில்லாதவனிடம் மட்டுமே பேதைமை இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். மிகுந்த அறிவுள்ளவரிடமும் ஒரு மூலையில் அது இருக்க முடியும் என்பதைத் தொடர் காட்டுகிறது.

இது கற்பனை மட்டும்தானா? நம்மவர் வாழ்க்கையிலிருந்தே ஒரு நிகழ்ச்சி சொல்லலாம். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அப்போது படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் ஒரு குளிர்நாளில் அவர் அறைக்குப் போனார். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று விசாரித்தபோது, மேலங்கியைப் போட்டுக்கொண்டு சால்வையும் போர்த்திக்கொண்டு படுப்பதாக ராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனால் அவை ஆங்கிலேயர் வழக்கப்படி மேல்விரிப்புக்கு அடியில் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது கும்பகோணத்தில் பாய் விரித்துப் படுத்தவருக்கு எப்படித் தெரியும்? விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்.

முடிவிலாத் தொடர்களின் கணக்கைத் தெரிந்தவருக்குக் கம்பளிக்குள் நுழையத் தெரியவில்லை என்று இதைச் சொன்னால் அரங்கமே சிரிக்கும். ஆனால் மகலனோபிஸ் சிரித்துவிட்டுத் திரும்பவில்லை. கம்பளியைப் பிரித்து, எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் இவரே. அக்கழகத்தின் பெங்களூர் மையம் நம் மைசூர்ச் சாலையில் இருக்கிறது. அவ்வழியே போகும்போது இந்தக் கம்பளிக் கதையையும் நினைத்துக்கொள்ளலாம்.

மடன்

ஷெல்டனுக்குச் சோபாவில் ஓர் இடம் உண்டு. அங்கே வேறு யாரும் உட்காரக் கூடாது. குளிர்காலத்தில் அந்த இடம் வெப்பமூட்டிக்குப் போதிய அருகில் இருக்கிறது; கோடையில் எதிரெதிர்ச் சன்னல்களின் காற்று அங்கே வந்து சேர்கிறது; தொலைக்காட்சியும் சரியான கோணத்தில் தெரிகிறது என்று முதல் பகுதியிலேயே காரணங்களை அடுக்குகிறார். பென்னி வீட்டுக் கதவை மூன்று முறை தட்டி, மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பார். ஒரே வீட்டில் குடியிருக்கும் லெனார்டோடு பக்கம் பக்கமாக ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறார். பிடித்ததை விடாத இந்தக் குணமே மடன்.

இந்த வகையில் மிகச் சிறந்த காட்சி, இரண்டாம் பருவத்தில் 2008 டிசம்பரில் ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் பகுதியில் வருகிறது. பென்னி தனக்குப் பரிசு தரப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஷெல்டன் கலங்கிப் போகிறார். அவர் கணக்கில் பரிசு என்பது கடன். அதே மதிப்பில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவள் தரும் பொருளின் விலை முன்கூட்டித் தெரியாதே! ஆகவே சிறிதும் பெரிதுமாகக் குளியல் சாமான் கூடைகள் பலவற்றை வாங்கி உள்ளே மறைத்து வைக்கிறார். அவள் பரிசைப் பிரித்துப் பார்த்து, மதிப்பிட்டு, அதற்கு ஈடான கூடையைக் கொண்டுவந்து கொடுப்பது திட்டம்.

நமக்கு இது புதிதல்ல. கல்யாண வீட்டில் மொய் நோட்டைப் புரட்டி, அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்துவிட்டு உறையில் பணம் வைக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டல்லவா? ஷெல்டனைப் பார்த்துச் சிரிக்கும்போது நம் மொய் நோட்டும் கொஞ்சம் நினைவுக்கு வரத்தான் செய்யும்.

பென்னி கொடுப்பது உணவகத்துக் கைக்குட்டைத் தாள் ஒன்று. ஷெல்டன் உயிராய் நேசிக்கும் ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் நடித்த லெனார்ட் நிமாய் அதில் வாய் துடைத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஷெல்டன் உள்ளே ஓடி எல்லாக் கூடைகளையும் வாரிக்கொண்டு வந்து அவள் முன் வைக்கிறார். போதவில்லை என்று தோன்றுகிறது. பிறரைத் தொடவே அஞ்சும் அவர், கைகளை எப்படி வைப்பது என்று தெரியாமல் அவளை அணைத்துக்கொள்கிறார். கணக்கு முறிந்துவிடுகிறது. நகை என்னும் மெய்ப்பாடு உவகையாக மாறும் இடம் இது. வாசக அன்பர்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் பார்க்க நேரம் உள்ளவர்களாயின், இதையே பார்க்கலாம்.

எள்ளல்

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். தொடக்கப் பருவங்களில் இத்தொடரின் சிரிப்பு பெரும்பாலும் எள்ளலிலிருந்து பிறந்தது. ஹோவர்டுக்கு முனைவர் பட்டம் இல்லை என்று மற்றவர்கள் ஓயாது குத்துகிறார்கள். பென்னிக்குப் படிப்பில்லை என்று சிரிக்கிறார்கள். ராஜேஷின் நாட்டையும் பேச்சையும் வைத்துச் சிரிக்கிறார்கள்.

ராஜேஷுக்கு இன்னொரு குறையும் உண்டு. பெண்கள் எதிரே வந்துவிட்டால் அவருக்குப் பேச்சே வராது. ஹோவர்டின் காதில் கிசுகிசுப்பார். அல்லது மது அருந்திய பிறகு பேசுவார். ஆறு பருவங்கள் இதை வைத்தே சிரிக்க வைத்தார்கள். 2013 மே மாதம் ஒளிபரப்பான பகுதியில்தான், மது இல்லாமலே பென்னியிடம் அவர் முதன்முதலாகப் பேசுகிறார். செலக்டிவ் மியூட்டிசம் எனப்படும் இந்நிலை உண்மையில் இருப்பதுதான். பெரும்பாலும் சிறு வயதில் தொடங்குவது, பதற்றத்தால் வருவது. வீட்டில் கலகலவென்று பேசும் குழந்தை பள்ளியில் வாயே திறக்காதிருக்கும். அது திமிரும் அன்று, பிடிவாதமும் அன்று. மதுவால் தீருவதும் அன்று. முறையான மனநலப் பயிற்சியால் நன்கு முன்னேற்றம் காணலாம். நம் ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே மனநலப் பிரிவு இருப்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

எள்ளல் நகைக்கு நம்மூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2009இல் வெளிவந்த ‘3 இடியட்ஸ்’ என்ற இந்திப் படத்தின் கல்லூரிக் காட்சிகள், பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஐ.ஐ.எம். வளாகத்தில் எடுக்கப்பட்டவை. அதில் சதுர் ராமலிங்கம் என்று ஒரு மாணவன் வருகிறான். உகாண்டாவில் பிறந்து புதுச்சேரியில் படித்தவன் என்பது கதை. இந்தி சரியாகத் தெரியாது. விழாவில் பேசுவதற்காக உரையை உருப்போடுகிறான். கதாநாயகன் அதில் சில சொற்களை மாற்றி வைத்துவிடுகிறான். பொருள் தெரியாமல் அந்த மாணவன் முழங்க முழங்க, அரங்கம் உருண்டு சிரிக்கிறது. திரையரங்கில் நாமும் சிரித்தோம்.

வீடு திரும்பும்போது நினைத்துப் பார்த்தவர்களுக்கு உறுத்தியிருக்கும். வேற்று மாநிலத்துக்குப் பிழைக்க வந்து, கடையிலும் அலுவலகத்திலும் தட்டுத்தடுமாறிக் கன்னடம் பேசிய தலைமுறை நம் சங்கங்களில் இன்னும் இருக்கிறது. ‘ஹோகி பன்னி’ என்பதைத் தவறான இடத்தில் சொல்லிவிட்டு, சுற்றியிருந்தவர்கள் சிரித்தபோது தாமும் சேர்ந்து சிரித்தவர்கள் எத்தனை பேர்! பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் என்பது அதுதான். அந்தச் சிரிப்பின் உள்ளே இருப்பது இளிவரல். தொல்காப்பியரின் வரிசையில் நகை முதலாவது, இளிவரல் மூன்றாவது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அழுகை. அவர் அப்படி எண்ணி வைத்தாரோ இல்லையோ, அனுபவத்துக்கு அது பொருந்துகிறது.

பழைய கதை, புதிய உடை

கற்றவனுக்கு உலகம் தெரியாது என்ற நகைச்சுவை மிகப் பழமையானது. வானத்து மீன்களைப் பார்த்துக்கொண்டே நடந்து கிணற்றில் விழுந்த கிரேக்க அறிஞர் தேலிஸைக் கண்டு ஒரு பணிப்பெண் சிரித்தாள் என்று பிளேட்டோ எழுதியிருக்கிறார். பஞ்சதந்திரத்தில் நான்கு நண்பர்கள் வருகிறார்கள். மூவர் வித்தை கற்றவர். ஒருவனுக்குப் பொது அறிவு மட்டுமே உண்டு. காட்டில் கிடந்த சிங்கத்தின் எலும்புகளை ஒருவன் கோக்கிறான். ஒருவன் தசையும் தோலும் சேர்க்கிறான். ஒருவன் உயிர் கொடுக்கிறான். படிக்காதவன் மட்டும் முன்கூட்டியே மரத்தில் ஏறிக்கொள்கிறான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற நம் பழமொழியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பாசடினாவின் நால்வரும் எதிர்வீட்டுப் பென்னியும் இந்தப் பழங்கதைக்குப் புதிய உடை போட்டவர்கள் எனலாம்.

வள்ளுவரும் இதைத் தொட்டிருக்கிறார். உலகத்தோடு பொருந்தி நடக்கக் கற்காதவர், பல நூல் கற்றிருந்தாலும் அறிவிலாதவரே என்பது ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் தரும் கருத்து. ஆகவே கற்றவர் மீதும் ஒரு கடமை இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு பெரியவராயினும், வணக்கம் சொன்னவருக்கு வணக்கம் சொல்லப் பழகத்தான் வேண்டும்.

ஆனால் விஞ்ஞானி என்றாலே கூச்சப் பிராணி என்று முடிவு கட்டுவதும் பேதைமைதான். ஐதரசனைக் கண்டறிந்த கேவண்டிஷ், வேலைக்காரப் பெண்களின் முன் வரவே அஞ்சி, சாப்பாட்டுக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்தவர் என்பது உண்மை. பேச்சைக் கருமித்தனமாகச் செலவிட்ட டிராக்கைப் பார்த்து, மணிக்கு ஒரு சொல் பேசுவதை ஒரு ‘டிராக்’ என்று கேம்பிரிட்ஜ் நண்பர்கள் கேலியாக அளவு வகுத்ததும் உண்மை. மறுபுறம் நம் சர் சி.வி. ராமனைப் பாருங்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930இல் நோபல் பரிசு பெற்று, 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்தவர். 1948இல் தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவினார். மேடையேறினால் கேட்போரைக் கட்டிப்போடும் பேச்சாளர். வெடிச்சிரிப்புக்கும் சூடான சொல்லுக்கும் பெயர் போனவர். கூச்சம் அவர் பக்கத்தில்கூட வந்ததில்லை.

பெண்கள் விஷயத்திலும் தொடர் மெதுவாகத்தான் திருந்தியது. முதல் பருவத்தில் முதன்மைப் பாத்திரங்களுள் பெண் பென்னி ஒருத்திதான். பின்னர்தான் நுண்ணுயிரியலார் பெர்னடெட்டும் நரம்பியலார் ஏமியும் வந்தார்கள். ஏமியாக நடித்த மாயிம் பியாலிக் நிஜத்திலும் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பெங்களூரில் இருப்பவர்களுக்குப் பெண் விஞ்ஞானி புதுமை இல்லை. 2019இல் புறப்பட்ட சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் எம். வனிதா என்பதை நாம் அறிவோம்.

வரிசையாகப் பார்ப்பதன் பயன்

வாரம் ஒரு பகுதியாகப் பார்த்தவர்களுக்குப் புலப்படாத ஒன்று, டி.வி.டி.யில் வரிசையாகப் பார்ப்பவர்களுக்குப் புலப்படும். எள்ளலில் தொடங்கிய சிரிப்பு, ஆண்டுகள் செல்லச் செல்ல மற்ற மூன்றின் பக்கம் சாய்கிறது. ஹோவர்ட் விண்வெளி நிலையத்துக்குப் போய் வருகிறார். லெனார்டும் பென்னியும் மணந்துகொள்கிறார்கள். கடைசிப் பகுதியில் ஷெல்டனும் அவர் மனைவி ஏமியும் நோபல் பரிசு வாங்குகிறார்கள். மேடையில் ஷெல்டன், எழுதி வைத்திருந்த நீண்ட உரையை ஒதுக்கிவிட்டு, நண்பர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் செய்து நன்றி சொல்கிறார். பிடித்ததை விடாத மனிதர் தம் பேச்சை விட்டுவிட்டார். இந்த மாற்றத்துக்கு 12 ஆண்டுகள் பிடித்தன.

நட்புச் செய்வது சிரித்து மகிழ்வதற்காக மட்டும் இல்லை. நண்பன் வழிதவறும்போது முன்சென்று திருத்துவதற்காக என்கிறார் வள்ளுவர். பென்னி செய்தது அதுதான். கேம்பிரிட்ஜில் மகலனோபிஸ் செய்ததும் அதுதான்.

ராமானுஜன் வாழ்க்கையிலேயே மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. கேம்பிரிட்ஜில் ஒரு நாள், திருமணம் நிச்சயமாகியிருந்த இந்திய நண்பர் ஒருவரை அவருடைய வருங்கால மனைவியோடு விருந்துக்கு அழைத்தார். தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். மறுமுறையும் ஊற்றினார். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது பெண்கள் வேண்டாம் என்றார்கள். சற்று நேரத்தில் அவரைக் காணோம். தேடியும் கிடைக்கவில்லை. சில நாட்கள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து செய்தி வந்தது. தாம் படைத்த உணவை மறுத்தது மனத்தைப் புண்படுத்திவிட்டதால், அங்கே இருக்க முடியாமல் போய்விட்டாராம்.

கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. ஆனால் நம் வீட்டுப் பந்தியில் ‘போதும்’ என்று சொன்ன பிறகும் ஒரு கரண்டி விழும். அதுவே அன்பின் அடையாளம் என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். உலகப் போர்க் காலம். மரக்கறி உணவு கிடைப்பதே அரிது. மனைவி கடலுக்கு அப்பால். 1918இல் மனமுடைந்து லண்டன் சுரங்க ரயில் பாதையில் விழுந்தார், நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிப் பெருமைப்படுத்தியது. 1919இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32ஆம் வயதில் மறைந்தார். கம்பளியைப் பிரித்துக் காட்ட ஒரு நண்பர் இருந்தார். மூன்றாவது கரண்டியின் பொருளை அறிந்தவர் அன்று அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

நம் வீட்டுப் பாடம்

பெங்களூரில் நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான், அல்லது இருக்கிறாள். விருந்தினர் வந்தால் அறைக்குள் போய்விடுவார்கள். பொங்கல் விழாவுக்கு அழைத்தால் மூலையில் நின்று கைப்பேசியைப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில், “எப்பம்மா வந்தே, என்னைத் தெரியுதா?” என்று பெரியம்மா கேட்டால் விழிப்பார்கள். நாமும் ஏதோ வேடிக்கையாக, “எங்க வீட்டு விஞ்ஞானி, வாயே திறக்கமாட்டான்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிச் சிரிக்கிறோம். நாம் அதை இளமை நகை என்று நினைத்துச் சொல்கிறோம். பிள்ளைக்கு அது எள்ளலாகப் போய்ச் சேருகிறது.

அந்தப் பிள்ளையிடம் முதலில் அதற்குப் பிடித்ததைப் பற்றிக் கேட்கலாம். இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கொரு முறை பொதுமக்களுக்குத் தன் கதவுகளைத் திறந்துவிடும் நாளில் கூட அழைத்துப் போகலாம். ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்துக்குப் போகலாம். விடுமுறையில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் வரை போய்வரலாம். அதை நடத்துவது நம் கோரமங்கலாவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். கூடவே, பெரியவர் வந்தால் எழுந்து “வாங்க” என்று ஒரு சொல் சொல்லவும், பந்தியில் கேட்டு வாங்கவும் பழக்கலாம். தனியே, பொறுமையாக, பிறர் பார்க்காதபோது. பேச்சு வராத பிள்ளையாயின் மருத்துவரிடம் தயங்காமல் போகலாம்.

இத்தொடரை ஆங்கிலப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். பேச்சு வேகமானது, ஆகவே திரையின் கீழே ஓடும் எழுத்துக்களை வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. சில காட்சிகள் பெரியவர்களுக்கு மட்டுமே உரியவை என்பதால் சிறுவர்களைத் தனியே பார்க்க விடாதிருப்பதும் நல்லது.

பயிற்சிக்குச் சில வினாக்கள்

1. தொடரின் ஏதேனும் ஒரு பகுதியைப் பாருங்கள். சிரிப்பு எழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றுள் எதைச் சேர்ந்தது என்று வகைப்படுத்துக. முதல் பருவத்திலிருந்து ஒரு பகுதியும் பத்தாம் பருவத்திலிருந்து ஒரு பகுதியும் எடுத்து ஒப்பிடுக.

2. சிரிப்பு மூவகை என்பர் பேராசிரியர்: முறுவலித்தல், அளவாகச் சிரித்தல், பெருகச் சிரித்தல். இத்தொடர் பார்வையாளர்களை அரங்கில் அமர்த்திப் படமாக்கப்பட்டது. அவர்களின் பெருஞ்சிரிப்பு நம் காதிலும் விழுகிறது. ஒலியை நிறுத்திவிட்டு, எழுத்துக்களை மட்டும் படித்துப் பார்த்தால் உங்களுக்கு வருவது எவ்வகைச் சிரிப்பு?

3. பஞ்சதந்திரத்தில் மரமேறியவன் தன் நண்பர்களை எச்சரித்தான், அவர்கள் கேட்கவில்லை. பென்னி சொன்னதை ஷெல்டன் காலப்போக்கில் கேட்டார். இரண்டுக்கும் வேறுபாடு எதனால் வந்தது?

4. பிறர் சிரித்ததால் நீங்களும் சிரித்துவிட்டு, பின்னர் வருந்திய நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்ந்து பத்து வரிகளில் எழுதுக. சிரிக்கப்பட்டவர் நீங்களாகவும் இருக்கலாம்.